பயன்பாட்டு இயக்கவியலில் ஆய்வு: சோதனைக்கூடமா, கணினி மாதிரியா?

கடையாண்டு மாணவன்

அனைவருக்கும் வணக்கம். சிவில் பொறியியல் இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். முதுநிலையை ஆய்வு வழியில் படித்து, இயன்றால் முனைவர் பட்டம் வரை தொடர வேண்டும் என்பது என் எண்ணம். நான் விண்ணப்பிக்க இருக்கும் துறையில் நெறியாளர்கள் இருவர் ஆளுக்கொரு தலைப்பைச் சொல்லியிருக்கிறார்கள். குறுக்கு வளையக் கம்பிகள் இல்லாத கான்கிரீட் உத்திரங்களை வார்த்து, வெட்டுவிசையில் (ஒரு பகுதியை அடுத்த பகுதியிலிருந்து நழுவச் செய்யும் விசையில்) அவை எப்படி உடைகின்றன என்று சோதித்துப் பார்ப்பது முதல் தலைப்பு. கான்கிரீட்டில் விரிசல் பரவுவதைக் கணினியில் கணக்கிடும் மாதிரி ஒன்றை மேம்படுத்துவது இரண்டாவது.

கட்டமைப்புப் பகுப்பாய்வுத் தாள்களில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மென்பொருளில் ஒரு கட்டடத்தை வரைந்து, சுமைகளை ஏற்றி, வண்ணம் வண்ணமாகத் தகைவுப் படங்களை எடுத்துவிடவும் தெரியும். ஆனால் அந்த எண்கள் ஏன் சரியாக இருக்க வேண்டும் என்று யாரேனும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. துறையின் பெயரில் சிவில் பொறியியலோடு பயன்பாட்டு இயக்கவியலும் சேர்ந்து நிற்கிறதே, அது உண்மையில் எதைக் கூட்டித் தருகிறது? இரண்டு தலைப்புகளில் எதைத் தேர்வது? நெறியாளரை எப்படி மதிப்பிடுவது? சேருவதற்கு முன் எதையெல்லாம் பலப்படுத்திக்கொள்ள வேண்டும்?

மையஅச்சு

தலைப்பைத் தேர்வதற்கு முன், இந்தத் துறையில் ஆய்வுக்கான இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். திண்மப் பொருள்களைப் பற்றி நாம் போடும் எந்தக் கணக்கும் மூன்று வகைச் சமன்பாடுகளால் ஆனது. விசைகளின் சமநிலை ஒன்று. உருமாற்றங்கள் இடைவெளியோ மேற்படிதலோ இன்றி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற வடிவியல் நிபந்தனை இரண்டாவது. தகைவுக்கும் (ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) திரிபுக்கும் (உருமாற்றத்தின் விகித அளவு) உள்ள உறவைச் சொல்லும் பொருளின் விதி மூன்றாவது. முதலாவது எங்கும் செல்லும். இரண்டாவது, பொருளில் விரிசல் விழாத வரை செல்லும். மூன்றாவதை இயற்கை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. சோதித்தும் ஊகித்தும், குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்று ஒப்புக்கொண்டும் நாமே எழுதிக்கொண்டது அது. இளநிலைப் படிப்பு பெரும்பாலும் தகைவும் திரிபும் நேர்விகிதம் என்னும் ஹூக்கின் விதியோடு நின்றுவிடுவதால், இந்த மூன்றாவதன் நலிவு மாணவர் கண்ணில் படுவதே இல்லை.

பழைய எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியின் மையம் அதில் இருக்கிறது. சுவரில் செருகிய உத்திரம் எவ்வளவு சுமையில் முறியும் என்ற கணக்கை கலிலியோ 1638-இல் வெளியிட்டார். உத்திரம் சுவரோரம் அடி விளிம்பைச் சுழல்முனையாகக் கொண்டு திரும்புகிறது என்றும், வெட்டுமுகம் முழுவதிலும் ஒரே அளவு இழுவிசை எதிர்க்கிறது என்றும் அவர் கொண்டார். அகலம் b, உயரம் h என்றால், அந்தக் கொள்கையின்படி தாங்குதிறன் bh²/2 என்பதற்கு நேர்விகிதத்தில் வரும். நாம் இன்று படிக்கும் கோட்பாட்டில் அது bh²/6. அதாவது அவர் கணக்கு மும்மடங்கு மிகைப்படுத்திச் சொல்கிறது. ஆனால் உயரத்தை இரட்டித்தால் வலிமை நான்கு மடங்காகும் என்ற முடிவு இரண்டிலும் ஒன்றுதான். எனவே இரண்டு உத்திரங்களின் வலிமையை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு அந்தப் பிழை தென்பட வாய்ப்பே இல்லை. அதே மரத்தை நேராக இழுத்து அதன் இழுவலிமையைத் தனியே அளந்து, அந்த எண்ணை இந்தச் சூத்திரத்தில் இட்டுப் பார்த்தால் மட்டுமே முரண்பாடு வெளிப்படும். நடுநிலை அச்சு (இழுவையோ அழுத்தமோ இல்லாத கோடு) வெட்டுமுகத்தின் மையத்தின் வழியே செல்கிறது என்பது பாடமாக நிலைபெறப் பிரெஞ்சுப் பொறியாளர் நவியேவின் 1826-ஆம் ஆண்டு விரிவுரைகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட ‘கூட்டித் தருவது’ இதுதான். வடிவமைப்புப் பாடம் சூத்திரத்தைப் பயன்படுத்தக் கற்றுத் தருகிறது. பயன்பாட்டு இயக்கவியல், அந்தச் சூத்திரத்துக்குள் எந்த வரியில் எந்த எடுகோள் நுழைந்தது, எந்தச் சோதனை அதைப் பொய்யாக்கக்கூடும் என்று கேட்கக் கற்றுத் தருகிறது. வளைவதற்கு முன் சமதளமாக இருந்த வெட்டுமுகம் வளைந்த பின்னும் சமதளமாகவே இருக்கும் என்பது மெல்லிய, நீண்ட உத்திரத்துக்குப் பொருந்தும். சுமை குவியும் இடத்திலும், தாங்கியின் அருகிலும், ஆழம் மிகுந்த உத்திரத்திலும் பொருந்தாது. சாய்ந்த விரிசல் விழுந்த கான்கிரீட்டில் அந்த எடுகோளுக்கு வேலையே இல்லை. வெட்டுவிசையில் கான்கிரீட் உடைவதைப் பற்றி எல்லோரும் ஒப்பும் ஒரே கோட்பாடு இன்றுவரை இல்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். அந்த வகையில் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு தலைப்புகளும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்தான்.

களப்பொறியாளர்

மையஅச்சு அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும், பொருளின் விதியில்தான் எல்லாப் புதிரும் இருக்கிறது என்ற எண்ணத்தோடு ஒரு மாணவர் இந்த இழையை மூடிவிடக் கூடாது. கட்டமைப்புகள் விழுந்த வரலாற்றைப் புரட்டினால், அவற்றில் கணிசமானவை அந்த முதல் சமன்பாட்டிலேயே, அதாவது வெறும் சமநிலையிலேயே தவறியவை.

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹையட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல் நடைபாதையையும் கீழ் நடைபாதையையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக முதல் வரைபடம் இருந்தது. கட்டும் வசதிக்காக அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்து, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்தே தொங்கவிட்டார்கள். கம்பிகளில் வரும் விசை பெரிதாக மாறவில்லை. ஆனால் மேல் உத்திரத்துக்கு அடியில் இருந்த நட்டு, தன் நடைபாதையின் சுமையோடு கீழ் நடைபாதையின் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாயிற்று. இணைப்பின் சுமை இரட்டித்தது. முதலாண்டு மாணவர் அந்த உத்திரத்தைத் தனியே பிரித்து விசைப்படம் வரைந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கண்டிருப்பார். முதல் வரைபடமே விதிநூல் கேட்ட வலிமையை எட்டவில்லை என்று பின்னர் தெரிந்தது வேறு கதை.

1907-இல் கட்டுமானத்தின்போதே விழுந்த கியூபெக் பாலத்திலும், நடுக்கண்ணின் நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டிய பிறகு பாலத்தின் தன்னெடையை உரியபடி மறுபடி கணக்கிடவில்லை. அழுத்த உறுப்புகளை ஒன்றாகப் பிணைத்த கம்பிப் பின்னல் நலிவாக இருந்ததும் அதோடு சேர்ந்து 75 உயிர்களைக் கொண்டுபோனது.

ஆகவே தம்பி, ஆய்வுக்குப் போவதற்கு முன் கையால் போடும் கணக்குகளில் உங்களுக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. ஒரு சட்டகத்தின் படத்தைக் காட்டினால், எண்கள் ஏதும் இல்லாமலே வளைவுத் திருப்புத்திறன் படத்தின் வடிவத்தையும் உருமாறிய வடிவத்தையும் வரைந்து காட்ட வேண்டும். முனைவர் பட்டம் பெற்றும் இதில் தடுமாறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நெறியாளர்களும் இதைச் சோதிப்பதில்லை என்பது எனக்குள்ள வருத்தம்.

நான்முனை

கணினிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். களப்பொறியாளர் சொன்ன விபத்துகளுக்கு எங்கள் தரப்பில் ஓர் இணை உண்டு. நார்வேயில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்க் கிணற்று மேடைக்கான கான்கிரீட் அடித்தளம், 1991 ஆகஸ்ட் 23 அன்று சோதனைக்காகத் தண்ணீரில் அமிழ்த்தப்பட்டபோது உடைந்து மூழ்கியது. மூன்று உருளை அறைகள் சந்திக்கும் முக்கோணச் சுவர்களை, உறுப்பைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரிக்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டபோது பயன்படுத்திய வலை, அந்த இடத்துக்குப் போதிய நுணுக்கமில்லாமல் இருந்தது. வெட்டுத்தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. அதற்கேற்ப அங்கே கம்பிகளும் போதாமல், உள்ளே நங்கூரமிட்ட நீளமும் போதாமல் போயின. பின்னர் செம்மையாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று காட்டியது; உண்மையில் உடைந்தது சுமார் 65 மீட்டரில். கோட்பாடு கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். கோட்பாட்டைக் கணினிக்குக் கொண்டுபோன வழியில்தான் கோளாறு.

இரண்டு வேறு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது இந்த வேலையின் அரிச்சுவடி. எழுதிய சமன்பாடுகளை நிரல் சரியாகத் தீர்க்கிறதா என்பது ஒன்று. அந்தச் சமன்பாடுகள் உலகில் நடப்பதைச் சொல்கின்றனவா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சோதனைக்கூடம் தேவையில்லை. ஒரு முனை பிணைத்த உத்திரத்தின் நுனித் தாழ்வு PL³/3EI என்று உங்களுக்குத் தெரியும். எளிய நான்கு முனை எலிமென்ட்டுகளை உத்திரத்தின் உயரத்தில் ஒரே அடுக்காக வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். விடை வெகுவாகக் குறைந்து வரும். அந்த எலிமென்ட்டுக்கு வளையத் தெரியாது, வளைய வேண்டிய இடத்தில் போலியான வெட்டுத்திரிபை உண்டாக்கி விறைத்துக்கொள்ளும். மென்பொருளின் வண்ணப் படம் இதை உங்களிடம் சொல்லாது, படம் அழகாகவே இருக்கும்.

விரிசல் மாதிரிக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமானது. உச்சத் தகைவைத் தாண்டியதும் கான்கிரீட் திரிபு கூடக் கூடத் தகைவை இழக்கிறது. இதை அப்படியே தகைவு-திரிபு விதியாக எழுதி ஃபைனைட் எலிமென்ட் நிரலில் இட்டால், சேதம் முழுவதும் ஒரே ஒரு வரிசை எலிமென்ட்டில் குவிந்துவிடும். வலையை மேலும் நுணுக்கினால் அந்த வரிசை மெலியும். உடைவதற்குத் தேவையான ஆற்றலும் குறைந்துகொண்டே போய்ச் சுழியத்தை நெருங்கும். வலையை நுணுக்கினால் விடை செம்மையாகும் என்று பாடத்தில் படித்தது இங்கே தலைகீழாகிறது. ஹில்லர்போர்க் குழுவினர் 1976-இல் முன்வைத்த கற்பனை விரிசல் மாதிரியும், பஜான்ட்டும் ஓவும் 1983-இல் தந்த விரிசல் பட்டை மாதிரியும், விரிசல் பரப்பின் ஒவ்வோர் அலகுக்கும் செலவாகும் ஆற்றலைப் பொருளின் பண்பாக எடுத்துக்கொண்டு இந்தச் சிக்கலுக்கு விடை கண்டன. இரண்டாவது தலைப்பைத் தேர்ந்தால் உங்கள் முதல் அரையாண்டு இங்கேதான் கழியும்.

எனவே சேருவதற்கு முன் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, வணிக மென்பொருளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சட்டக நிரலையும் நான்கு முனை எலிமென்ட் நிரலையும் நீங்களே எழுதுவது. கணிதத்தில் நேரியல் இயற்கணிதம் உறுதியாக வேண்டும். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும், மாறுபாட்டு முறைகளும், டென்சர் எழுத்துமுறையும் ஓரளவு வேண்டும். நிகழ்தகவை எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஈரக்களிமண்

வழக்கம்போல எல்லோரும் உத்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த உத்திரம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்க ஒருவராவது வேண்டுமல்லவா?

மண் இயக்கவியல் தனித்துறையாக நிலைபெற்றது டெர்சாகி 1925-இல் வெளியிட்ட நூலோடுதான். மொத்தத் தகைவிலிருந்து துளைநீர் அழுத்தத்தை (மண் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தத்தை) கழித்தால் வரும் பயனுறு தகைவே மண்ணின் வலிமையையும் அமுக்கத்தையும் ஆள்கிறது என்ற அவரது கொள்கையை ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரி இல்லாமல், மழைக்குப் பிறகு சரிவு ஏன் சரிகிறது என்றோ, நிலநடுக்கத்தில் நீர் நிறைந்த மணல் ஏன் நீர்மம்போல் ஓடுகிறது என்றோ சொல்ல முடியாது. 1964-இல் ஜப்பானின் நீகாட்டாவில் குடியிருப்புக் கட்டடங்கள் பெரிதாக உடையாமலே சாய்ந்து படுத்தன. கட்டடத்துக்கு வலிமைக் குறைவில்லை, கீழே இருந்த மணலில் பயனுறு தகைவு காணாமல் போயிற்று.

உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். சோதனைக்கூடம் என்றால் உண்மை, கணினி என்றால் கற்பனை என்ற பிரிவினையை நம்பாதீர்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரு மாதிரியே. கான்கிரீட் கனசதுரத்தை அழுத்தும்போது எந்திரத்தின் எஃகுத் தட்டுகள் உராய்வால் அதன் முகங்களைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அதனால் அதே கலவையில் வார்த்த, விட்டத்தைப்போல் இருமடங்கு உயரமுள்ள உருளை, கனசதுரம் காட்டும் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையே காட்டுகிறது. பொருள் ஒன்றுதான், எல்லை நிபந்தனை வேறு.

காலமும் அளவும் சேர்ந்தால் இன்னும் கவனம் தேவை. களிமண் இறுகும் நேரம், நீர் வெளியேறும் பாதையின் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஆய்வகத்தில் 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாதிரியில் மேலும் கீழும் நீர் வெளியேறினால் பாதை 10 மில்லிமீட்டர். களத்தில் 10 மீட்டர் தடிப்புள்ள அடுக்கில் அது 5 மீட்டர். விகிதம் 500, அதன் வர்க்கம் 2,50,000. மேசையின்மேல் ஒரு மணி நேரத்தில் முடிந்தது, களத்தில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் எடுக்கும். இந்தக் கணக்கு அழகாக இருக்கிறது என்று மயங்கிவிட வேண்டாம், களத்தில் நடுவே மெல்லிய மணல் படலம் ஒன்று ஓடினால் 28 ஆண்டு சில ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். அந்தப் படலம் உங்கள் மாதிரிக் குழாயில் சிக்கியிருக்காது.

அலைவு

கட்டமைப்புகளின் அதிர்வியலை யாரும் குறிப்பிடவில்லையே. அமெரிக்காவின் டகோமா பாலம் ஒத்ததிர்வால் விழுந்ததை எல்லோரும் அறிவோம். கட்டாயம் அந்தப் பாடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மையஅச்சு

பரிந்துரையை ஏற்கிறேன், காரணத்தை ஏற்கவில்லை. 1940 நவம்பர் 7 அன்று டகோமா பாலத்தின் 853 மீட்டர் நடுக்கண் விழுந்தபோது காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர். பாலத்தட்டின் விளிம்பில் காற்றுச் சுழல்கள் உதிர்ந்த அதிர்வெண் நொடிக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. பாலம் முறுக்கிக்கொண்டு ஆடியதோ நொடிக்கு 0.2 என்ற அளவில். இரண்டும் ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து ஒரே தாளத்தில் வரும் விசை பாலத்தை ஆட்டவில்லை. பாலம் தன் முறுக்கத்தாலேயே காற்றின் விசையை மாற்றிக்கொண்டு, அந்த மாற்றத்திலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றலை உறிஞ்சியது. கணிதத்தில் இதை எதிர்மறைத் தணிப்பு என்று எழுதுவோம். ஒத்ததிர்வு என்றால் அதிர்வெண்ணை மாற்றினால் தப்பிக்கலாம். இந்தத் தன்னூட்ட அதிர்வு தொடங்கும் காற்று வேகத்தை உயர்த்தினால்தான் தப்ப முடியும். பாலத்தட்டின் வடிவத்தையும் முறுக்க விறைப்பையும் மாற்றுவது அதற்காகத்தான். காரணத்தைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறாகும் என்பதால் இவ்வளவு எழுதினேன்.

அலைவு

திருத்தத்துக்கு நன்றி. பாடநூல்களே அப்படித்தான் எழுதுகின்றன என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

கடையாண்டு மாணவன்

எல்லோருக்கும் நன்றி. நான்முனை சொன்ன உத்திர நிரலை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரே அடுக்கு எலிமென்ட்டில் விடை குறைந்து வருவதைப் பார்த்தது, அதை வாசித்ததைவிட நன்றாகப் புரிய வைத்தது.

ஈரக்களிமண் அவர்களின் பதிவுக்குப் பிறகு ஓர் ஐயம். முதல் தலைப்பில் சோதிக்க இருக்கும் உத்திரங்கள் எல்லாம் 200 மில்லிமீட்டர் ஆழமுள்ளவை என்று நெறியாளர் சொன்னார். பாலங்களிலும் அடித்தளப் பலகைகளிலும் ஆழம் இதைப்போல் பல மடங்கு. களிமண்ணுக்குச் சொன்ன அளவுச் சிக்கல் கான்கிரீட்டுக்கும் இருக்குமானால், இந்தச் சிறிய உத்திரங்களில் கிடைக்கும் விடையால் யாருக்கு என்ன பயன்?

மையஅச்சு

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். இனித் தலைப்பைத் தேர்வது எளிது.

வலிமைக் கோட்பாட்டின்படி, வடிவொத்த இரண்டு உத்திரங்கள் ஒரே பெயரளவுத் தகைவில் உடைய வேண்டும். அங்கே அளவு என்பது கணக்கிலேயே இல்லை. கிரிஃபித் கண்ணாடியை வைத்து 1921-இல் காட்டியது வேறு. விரிசல் வளரும்போது விடுபடும் மீள்திறன் ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலை எட்ட வேண்டும். வடிவொத்த பெரிய உறுப்பில் விரிசலும் பெரிது. அது சற்று நீளும்போது விடுபடும் ஆற்றலும் அதற்கேற்பக் கூடுதல். ஆனால் நீளும் ஒவ்வோர் அலகுக்கும் பரப்பு கேட்கும் ஆற்றல் அதே அளவுதான். ஆகவே பெரியது குறைந்த தகைவிலேயே உடையும். நொறுங்கும் தன்மையுள்ள பொருளுக்கு இந்தக் கணக்கின் எல்லையில், தகைவு ஆழத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகும். அதாவது 150 மில்லிமீட்டரிலிருந்து 600 மில்லிமீட்டருக்குப் போனால் பாதியாகிவிடும். கான்கிரீட் முழு நொறுங்கலும் இல்லை, முழு இளக்கமும் இல்லை. இரண்டு எல்லைகளுக்கும் இடையே, அளவு கூடக் கூட இளக்கத்திலிருந்து நொறுங்கலுக்கு நகர்கிறது. பஜான்ட் 1984-இல் தந்த அளவு விளைவு விதி இந்த நகர்வைத்தான் எழுதுகிறது. அமெரிக்கக் கான்கிரீட் விதிநூல், குறைந்தபட்ச வெட்டுக் கம்பிகள் இல்லாத உத்திரங்களின் வெட்டு வலிமையில் அளவுக்கான குறைப்புக் காரணியைச் சேர்த்தது 2019 பதிப்பில்தான். ஆய்வுக் கட்டுரைக்கும் விதிநூலுக்கும் இடையே எவ்வளவு காலம் ஓடுகிறது என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே 200 மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் சோதித்தால், கலவைகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பெரிய உத்திரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கலிலியோ காலத்து விகித ஒப்பீட்டின் நிலைதான் அது. நெறியாளரிடம் ஆழத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். சாதாரணமாக 1:2:4 என்று மூன்று அளவுகளாவது வேண்டும். 1:8 வரை போனால் இன்னும் நல்லது. கம்பி விழுக்காடும், சுமைக்கும் தாங்கிக்கும் உள்ள தூரத்தை ஆழத்தால் வகுத்த விகிதமும், சரளையின் அதிகபட்ச அளவும் மாறாமல் இருக்க வேண்டும்.

களப்பொறியாளர்

கேட்பதற்கு முன் கூடத்தைப் போய்ப் பாருங்கள். 200 மில்லிமீட்டர் அகலத்தை மாற்றாமல், ஆழம் 150 மில்லிமீட்டர், நீளம் 1.125 மீட்டர் என்று வார்த்தால் எடை ஏறக்குறைய 86 கிலோகிராம். இருவர் தூக்கி வைத்துவிடலாம். அதையே ஆழம் 1,200 மில்லிமீட்டர், நீளம் 9 மீட்டர் என்று பெரிதாக்கினால் ஐந்தரை டன். கிரேன் தாங்குமா, சட்டகத்துக்குள் நுழையுமா, ஒரே லாரிக் கான்கிரீட்டில் எல்லா அளவுகளையும் வார்க்க முடியுமா, இதையெல்லாம் சோதனைக்கூடத் தொழில்நுட்பரிடம் கேட்க வேண்டும். பேராசிரியருக்கு இவற்றில் பாதி தெரிந்திருக்காது. சிறிய உத்திரத்தில் புறக்கணிக்கத்தக்க தன்னெடை, பெரியதில் உடைக்கும் சுமையில் கணிசமான பங்காக வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஈரக்களிமண்

ஒரே அளவில் மூன்று உத்திரங்கள் உடைத்தால் மூன்றும் ஒன்றுபோல் உடையாது. வெட்டுவிசையில் சிதறல் அதிகம். ஆழம் மாறியதால் வந்த வேறுபாடா, வெறும் சிதறலா என்று பிரித்துச் சொல்ல எத்தனை உத்திரங்கள் வேண்டும் என்பதை வார்ப்பதற்கு முன்பே கணக்கிட வேண்டும். நிகழ்தகவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான்முனை சொன்னது இதற்காகத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பயிற்சி பெறாத கண்ணுக்கு நீண்ட கால விளைவுகளும் இதே பொறியைத்தான் வைக்கின்றன. பலாவு தீவுகளில் 1977-இல் கட்டி முடித்த கொரோர்-பாபெல்தாப் பாலத்தின் 241 மீட்டர் நடுக்கண், கான்கிரீட்டின் நெடுங்கால ஊர்வால் (நிலையான சுமையில் மெல்ல மெல்ல உருமாறுவதால்), வடிவமைத்த மட்டத்திலிருந்து 18 ஆண்டுகளில் 1.61 மீட்டர் தாழ்ந்தது. அக்காலத்தில் வழக்கிலிருந்த மதிப்பீட்டு முறைகள் இதைவிட வெகு குறைவாகவே சொல்லியிருந்தன, ஏனெனில் அவற்றுக்கு அடிப்படையான ஆய்வகத் தரவுகள் பெரும்பாலும் சிறிய மாதிரிகளில் சில ஆண்டுகளே நடந்த சோதனைகள். பழுதுபார்த்துச் சில மாதங்களில், 1996-இல், பாலம் விழுந்துவிட்டது.

நான்முனை

நெறியாளரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவரது அண்மைக் கட்டுரைகளில் இரண்டை எடுத்து, முடிவுரையை விட்டுவிட்டு, சோதனை ஏற்பாட்டையோ சரிபார்ப்புப் பகுதியையோ முதலில் படியுங்கள். எந்திரத்தின் விறைப்பு, தாங்கிகளின் உராய்வு, வலையை மாற்றியபோது விடை மாறிய விதம் ஆகியவை எழுதப்பட்டிருந்தால் அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கும். மாதிரியின் அளபுருக்கள் எல்லாவற்றையும் ஒரே சோதனை வளைகோட்டுக்குப் பொருத்திவிட்டு, அதே வளைகோட்டோடு ‘சிறந்த ஒத்திசைவு’ என்று எழுதியிருந்தால் சற்று யோசியுங்கள். அவரிடம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களோடு பேசுவது இதைவிடவும் முக்கியம்.

கடையாண்டு மாணவன்

இரு நெறியாளர்களிடமும் பேசினேன். முதல் தலைப்பையே எடுத்துக்கொண்டு, ஆழத்தை 150, 300, 600 மில்லிமீட்டர் என்று மாற்றச் சம்மதம் கிடைத்திருக்கிறது. 1,200 மில்லிமீட்டருக்குக் கூடத்தில் இடமில்லை. இரண்டாவது நெறியாளர் இணை நெறியாளராக இருந்து விரிசல் பட்டை மாதிரியைக் கற்றுத் தர ஒப்புக்கொண்டார். சோதனை முடிந்த பிறகு அந்த முடிவுகளைக் கொண்டு மாதிரியைச் சரிசெய்யலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். இதில் ஏதேனும் குறை தெரிகிறதா?

நான்முனை

வரிசையை மாற்றுங்கள். முறிவு ஆற்றலையும் (விரிசல் பரப்பின் ஓர் அலகுக்குச் செலவாகும் ஆற்றல்) இழுவலிமையையும் அதே கலவையில் வார்த்த சிறு சோதனைத் துண்டுகளில் தனியே அளந்து, அந்த எண்களை மட்டும் கணினி மாதிரியில் இட்டு, 600 மில்லிமீட்டர் உத்திரம் எந்தச் சுமையில், எந்த இடத்தில் தொடங்கும் விரிசலால் உடையும் என்று உடைப்பதற்கு முன்பே எழுதித் தேதியிட்டு இரு நெறியாளர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். உடைந்த பிறகு அந்தத் தாளில் எதையும் திருத்தக் கூடாது. கணிப்பு பொருந்தாமல் போனால் ஆய்வேட்டில் அதற்கென்று ஓர் அத்தியாயம் கிடைக்கும். 150, 300 மில்லிமீட்டர் உத்திரங்களில் மாதிரி எங்கிருந்து விலகத் தொடங்கியது என்று தேடிப் போக வழியும் கிடைக்கும்.

களப்பொறியாளர்

அந்தத் தாளிலேயே கையால் போட்ட கணக்கின் விடையையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். எந்திரத்தின் சுமைமானியை எப்போது கடைசியாகச் சரிபார்த்தார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.